எங்கேயும் போகாத அம்புக்குறி

நாலு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ரெண்டு பேர் மெயில் போட்டு 'உயிரோடதான் இருக்கியா'ன்னு விசாரிச்சாங்க. இருக்கேன் சாமி. ஆணி ஜாஸ்தி. அதுலயும் போன மாசம் புடுங்கின ஆணி ஒண்ணு என் கையிலயே குத்திடுச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிக்கல். பொட்டி தட்டாத மக்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பார்க்கிறேன். நடுவுல தூக்கம் வந்தா கடைக்கார அண்ணை வர்ற பாராவுக்குத் தாவிடுங்க :-)

'அங்க போய் என்னதான்டா ஆராய்ச்சி பண்றே?' லீவுக்கு ஊருக்குப் போனா சித்தப்பா தவறாம கேக்கிற கேள்வி. 'கம்ப்யூட்டர்'னு சொல்லித் தப்பிச்சிடுவேன். உங்ககிட்ட அது செல்லாது.

விஷயம் இதுதான். ஒரு மென்பொருளுக்கு நிரலைக் கையால அடிக்காம, என்ன வேணும்ங்கறதை ஒரு மாடலா வரைஞ்சு குடுத்தா, அதுலேர்ந்து நிரலை ஒரு கருவியே உருவாக்கித் தரணும். பழைய கனவு. 1980கள்லயே 'கேஸ்' கருவிகள்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு. 1997ல யூ.எம்.எல். ஒரு தரமா ஏத்துக்கப்பட்டுச்சு. 2001ல அதே ஓ.எம்.ஜி. அமைப்பு 'மாடல் டிரிவன் ஆர்க்கிடெக்சர்'னு ஒரு கொடியை ஏத்துச்சு. இனிமே எல்லாரும் படம் வரைவாங்க, நிரல் தானா கொட்டும்னு பேச்சு. கார், விமானம் மாதிரி இடங்கள்ல இது நிஜமாவே ஓடுது. சிமுலிங்க்ல கட்டங்களா வரைஞ்சு, அதுலேர்ந்து வந்த நிரல்தான் பல வண்டிகளுக்குள்ள உட்கார்ந்திருக்கு. மத்த இடங்கள்ல? நம்ம ஆபீஸ்கள்ல யூ.எம்.எல். படம் எப்ப வரையறோம்? கிளையன்ட் கேட்டா, வேலை முடிஞ்ச அப்புறம். உண்மையைச் சொல்லுங்க.

மாடல்னா சும்மா படம் இல்ல. அதுக்கு ஒரு இலக்கணம் உண்டு, மெட்டாமாடல்னு பேர். 'இந்த மொழியில ஆள், வேலை, சாமான்னு மூணு வகைப் பெட்டி இருக்கலாம். வேலையிலேர்ந்து வேலைக்குத்தான் அம்புக்குறி போகலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் கட்டாயம்'னு சட்டம் போட்டு வெச்சிருக்கும். இந்தச் சட்டம் இருக்கறதாலதான் கருவிக்குப் படம் 'புரியுது', நிரலும் வருது. பிரச்சனையும் இங்கேயேதான் ஆரம்பிக்குது. ஒரு பெட்டி வரையறதுக்கு முன்னாடியே இலக்கணம் முழுசும் ரெடியா இருக்கணும்.

என் ஆராய்ச்சி, சின்ன வியாபாரம் பண்றவங்க தங்களோட வேலை முறையைத் தாங்களே வரைஞ்சு, அதுலேர்ந்து போன்ல ஓடற ஒரு சின்ன ஆப் வாங்கிக்க முடியுமாங்கறது. எக்லிப்ஸ் ஈ.எம்.எஃப்.ல ஒரு மெட்டாமாடல் எழுதி, அதுக்கு மேல அழகா ஒரு எடிட்டர் கட்டினேன். ஆறு மாசம். இடது பக்கம் ஐகான் எல்லாம் நானே வரைஞ்சது. சாமான் பெட்டிக்கு ஒரு குட்டி அட்டைப்பெட்டிப் படம்கூட உண்டு, ஹி ஹி.

சோதனை பண்ண ஒரு வியாபாரி வேணும். சனி, ஞாயிறு நான் வேலை பாக்கிற மூலைக்கடை இருக்கவே இருக்கு. (ஸ்டூடன்ட் விசாவுல பாடம் நடக்கிற சமயம் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். கடை வாடகைக்கு உதவுது, ஆராய்ச்சி மனசாட்சிக்கு.) கடை ஓனர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலாந்தோட வடக்கு மூலையில, மூணு மணிக்கே இருட்டிப் போற ஊர்ல, காலைல நாலரைக்குக் கடை திறக்கிற மனுஷன். நான் அவரை அண்ணைன்னு கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பின்னு. சம்பளம் குடுக்கிறவரையே சோதனை ஆளா எடுக்கறதுக்குக் கைடு முகம் சுளிச்சார். ரெண்டு ஃபாரம் எக்ஸ்ட்ராவா நிரப்பினதும் சரின்னுட்டார்.

எடுத்துக்கிட்ட வேலை, பேப்பர் ரிட்டர்ன். ஊர்ல இருக்கிறவங்களுக்குச் சொல்லணும்னா, விடியறதுக்கு முன்னாடி மொத்த வியாபாரியோட வேன் வந்து அன்னன்னைக்குப் பேப்பர்க் கட்டைக் கடை வாசல்ல போட்டுட்டுப் போகும். முந்தின நாள் விக்காத பேப்பரை எண்ணி, கட்டி, சீட்டு வெச்சு அதே வேன்ல திருப்பி அனுப்பணும். அதுக்கான காசை அடுத்த பில்லுல கழிச்சுத் தருவாங்க. கேக்க சுளுவா இருக்கு இல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

முதல் சனிக்கிழமை. கடை மூடின அப்புறம் பின்னாடி ஸ்டாக் ரூம்ல என் லேப்டாப்பைத் திறந்து வெச்சேன். அண்ணை மவுஸைப் பிடிச்ச உடனே கேட்டார்:

"தம்பி, வானுக்கு எந்தப் பெட்டி?"

வான்னா வேன். என் மெட்டாமாடல்ல ஆள் இருக்கு, வேலை இருக்கு, சாமான் இருக்கு. வண்டி இல்ல. 'ஆளுன்னே போடுங்க அண்ணை'ன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, வேனை ஆளா வரைஞ்சார். அடுத்து, "வான் வராத நாள்." அது ஆளா, வேலையா, சாமானா? எதுவும் இல்ல. அது ஒரு நாள். ஐகானே இல்ல. அண்ணை மவுஸைக் கீழ வெச்சிட்டு, குப்பைக்குப் போகவிருந்த ஒரு சிப்ஸ் அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, மார்க்கர்ல மளமளன்னு வரைய ஆரம்பிச்சார். அஞ்சு நிமிஷத்துல மொத்தக் கதையும் அட்டையில வந்துடுச்சு. ரெண்டு வட்டம், ஒரு வீடு, நாலு அம்புக்குறி, மூலையில ஒரு கேள்விக்குறி.

வீட்டுக்கு வந்து மெட்டாமாடல்ல வண்டியையும் நிகழ்வையும் சேர்த்தேன். அதைக் கையோட 'ஆள்'ங்கறதைப் 'பங்காளர்'னு பேர் மாத்தினேன் (நம்ம ஊர் பங்காளி இல்லீங்க). எடிட்டர் நிரலை மறுபடி உருவாக்கி ஓட விட்டா, போன வாரம் வரைஞ்ச ஃபைல் திறக்க மாட்டேங்குது. இந்தத் தொழில்ல இது தினப்படி சமாச்சாரம். புதுசா ஒண்ணு சேர்த்தா பழைய மாடல் பொழைச்சுக்கும். இருக்கறதோட பேரையோ இடத்தையோ மாத்தினா, 'அப்படி ஒரு வகுப்பே கிடையாதே'ன்னு கருவி கையை விரிச்சிடும். பழைய மாடல்களைப் புது இலக்கணத்துக்கு இடம்பெயர்க்கறதுன்னே தனியா ஒரு ஆராய்ச்சித் துறை ஓடுதுன்னா பார்த்துக்கங்க. நான் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் எக்ஸ்.எம்.எல்.லைக் கையால திருத்தினேன்.

ரெண்டாவது, மூணாவது சனிக்கிழமையும் இதே கதை. மூணாவது வாரம்தான் அந்த அம்புக்குறி வந்துச்சு.

அண்ணையோட அட்டையில ஒரு அம்புக்குறி 'கிரெடிட் குறைய வந்தால்'னு ஒரு வட்டத்துலேர்ந்து கிளம்பி வெறும் அட்டையில போய் நின்னுச்சு. அதாவது 14 பேப்பர் திருப்பி அனுப்பி, 11க்குத்தான் காசு கழிச்சிருந்தா என்ன பண்றது? "அது எங்க போகுது அண்ணை?"ன்னேன். வாசல்ல யாரோ கதவைத் தட்டினாங்க. "உதை இப்ப விடும் தம்பி, பிறகு பாப்பம்"னு எழுந்து போயிட்டார்.

என் எடிட்டர்ல 'பிறகு பாப்பம்'ங்கறதுக்கு இடம் கிடையாது. அம்புக்குறியை வெறும் இடத்துல விட்டா அது வரையவே வரையாது. ரெண்டு முனையும் ஏதாவது ஒரு பெட்டியில ஒட்டணும். அந்தப் பெட்டி வேலைன்னா அதுக்கு ஒரு ஆள் கட்டாயம். இல்லேன்னா சிவப்புக் குறி. சிவப்பு இருந்தா நிரல் வராது. ரிவ்யூவுக்கு இன்னும் எட்டு நாள். நான் என்ன பண்ணினேன்? 'கிரெடிட் சரிபார்த்தல்'னு ஒரு வேலையை நானே வரைஞ்சு, அம்புக்குறியை அதுல கொண்டு போய் ஒட்டி, ஆள் இடத்துல 'கடைக்காரர்'னு போட்டேன். 'சரிபார்ப்பு வெற்றிகரமாக முடிந்தது'ன்னு குட்டியா ஒரு பெட்டி வந்துச்சு. எனக்கு ஏக சந்தோஷம்.

முதல் வருஷ ரிவ்யூவுல அந்த மாடலைத்தான் ஸ்லைடுல போட்டேன். 'நிஜமான ஒரு கடைக்காரர் வரைந்த, முழுமையாகச் சரிபார்க்கப்பட்ட மாடல்'. ஒருத்தர் தலையாட்டினார், இன்னொருத்தர் குறிச்சுக்கிட்டார். பாஸ்.

ஆப் அண்ணை போன்ல ஓட ஆரம்பிச்சது. தினமும் காலை அஞ்சு மணிக்கு 'கிரெடிட் சரிபார்க்கவும்'னு நினைவூட்டும். அண்ணை ஒரு கையில பேப்பர்க் கட்டோட, இன்னொரு கையால 'ஆச்சு'ன்னு அமுக்குவார். அஞ்சு வாரம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை, அவரோட மனைவி கடைக்கு வந்தாங்க. கையில நீலக் கலர் ஸ்கூல் நோட்டு.

"தம்பி, உம்மட போன் பேப்பர்க் கணக்குப் பாக்குதெண்டு இவர் சொன்னவர். நானும் விட்டிட்டன். இப்ப பில்லைப் பாத்தா அஞ்சு கிழமையா குறைஞ்ச காசு ஒண்டும் திரும்பி வரேல்ல."

அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். ரெண்டு வருஷக் கணக்கு. தேதி, அனுப்பினது எத்தனை, கழிச்சது எத்தனை, யாருக்கு போன் பண்ணினது, எப்ப காசு வந்தது, எல்லாம். தினமும் ராத்திரி, பிள்ளைங்க தூங்கின அப்புறம், சமையலறை மேசையில உட்கார்ந்து அக்கா பில்லைச் சரிபார்த்து, மறுநாள் மொத்த வியாபாரிக்கு போன் போட்டுச் சண்டை பிடிச்சு வாங்கியிருக்காங்க. அந்தக் கேள்விக்குறிக்கு விடை இவங்கதான். அண்ணைக்கு அது முழுசாத் தெரியாது. அதனாலதான் அவர் அம்புக்குறியைச் சும்மா விட்டார். தெரியாததைத் தெரியாதுன்னு அட்டை ஏத்துக்கிச்சு. என் கருவி ஏத்துக்கல, நானும் ஏத்துக்கல. இருக்கிற ஆள்ல ஒருத்தர் பேரை எழுதி அதுக்குப் பச்சை டிக் வாங்கிட்டேன். மாடல்ல அக்கான்னு ஒருத்தரே இல்ல.

குறிப்பிட்ட நாளுக்குள்ள கேக்கலேன்னா அந்தக் காசு வராது. கிட்டத்தட்ட 40 பவுண்டு போச்சு. நான் குடுத்துடறேன்னு சொன்னேன். அண்ணை சிரிச்சுட்டு, "படிக்கிற பெடியன், விடும்"னுட்டார். அக்கா சிரிக்கல. எனக்கு அன்னைக்குச் சாப்பாடு இறங்கல.

அதுக்கப்புறம்தான், ரொம்ப லேட்டா, படிக்க வேண்டியதை ஒழுங்காப் படிச்சேன். 'நெகிழ்வான மாடலிங்'னு ஒரு கூட்டம் ரொம்ப நாளா இதைத்தான் கத்திக்கிட்டிருக்கு. என் தீசிஸ்ல அவங்களைப் பத்தி ஒரே ஒரு பாரா எழுதித் தாண்டிப் போயிருந்தேன்.

2013ல ஓப்பன் யுனிவர்சிட்டியில இருந்த மரியன் பெட்ரே ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. தொழில்ல இருக்கிற 50 மென்பொருள்காரங்களைப் பேட்டி எடுத்து, யூ.எம்.எல்.லை எப்படிப் பயன்படுத்தறீங்கன்னு கேட்டாங்க. 35 பேர் தொடவே இல்ல. 11 பேர் தேவைப்பட்டப்போ, தேவைப்பட்ட அளவுக்கு. நிரலைத் தானா உருவாக்கறதுக்குப் பயன்படுத்தினவங்க 3 பேர். முழு மனசா எல்லாத்துக்கும் பயன்படுத்தறேன்னு சொன்னவங்க ஒருத்தர்கூட இல்ல. அப்போ இவங்க எல்லாம் படமே வரையறதில்லையா? வரையறாங்களே! 2007ல மைக்ரோசாஃப்ட்ல நடந்த ஒரு ஆய்வு, மென்பொருள்காரங்க வெள்ளைப்பலகையில எதுக்கு, எப்படி வரையறாங்கன்னு பார்த்துச்சு. வரைஞ்சு தள்ளறாங்க, ஆனா பெரும்பாலும் பலகையிலயும் தாள்லயும். வேலை முடிஞ்சா அழிச்சிடறாங்க. ஆக மாடல் வரையறதுல மக்களுக்குச் சலிப்பு இல்ல; இந்த மாதிரி கருவியில வரையறதுலதான்.

தாமஸ் கிரீன்னு ஒருத்தர் 1989லயே இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கார். முடிவெடுக்கறதுக்கான தகவல் கையில வர்றதுக்கு முன்னாடியே உங்களை முடிவெடுக்க வைக்கிறது. 'முதிராத முடிவு'ன்னு நான் சொல்லிக்கிறேன். நம்ம ஊர்ல இதைப் புரிஞ்சுக்க கல்யாண லிஸ்ட் போதும். எங்கப்பா அக்கா கல்யாணத்துக்குப் பழைய டைரியில லிஸ்ட் எழுதினார். 'மதுரை மாமா - 4 (6?)', 'எதிர்வீடு - கூப்பிடணுமா?', 'பெங்களூர்க்காரர் - அம்மாகிட்ட கேள்', அப்புறம் பேரே இல்லாம 'டாக்டரோட தம்பி'. அதே லிஸ்ட்டை, பேர் கட்டாயம், எண்ணிக்கை கட்டாயம், காலியா விட்டா அடுத்த வரிக்குப் போக முடியாதுங்கற ஒரு ஃபாரத்துல நிரப்பச் சொல்லியிருந்தா? மதுரை மாமா வீட்டுக்கு 4னு போட்டிருப்பார். பந்தியில ரெண்டு இலை குறைஞ்சிருக்கும். டைரி பொய் சொல்ல வைக்கல, ஃபாரம் சொல்ல வெச்சிருக்கும்.

இதைச் சரி பண்ண என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு பார்த்தா, அடிப்படையில ஒண்ணுதான்: இலக்கணத்தைத் தள்ளிப் போடு. நம்ம தமிழ் ஐயாவும் இலக்கியத்துக்குப் பின்னாடிதான் இலக்கணம்னு சொல்லித்தானே குடுத்தார்?

எனக்கு ரொம்பப் பிடிச்சது யார்க் பல்கலைக்கழகத்துல டிமிட்ரிஸ் கொலோவோஸ் குழு 2013ல எழுதினது (அது என் யுனிவர்சிட்டி இல்லீங்க). அவங்க அதுக்கு வெச்ச பேரே 'மடில்', அதாவது குழப்பம். ஒய்-எட்னு ஒரு சாதாரண வரைபடக் கருவி இருக்கு. அதுல இஷ்டத்துக்கு வரையுங்க. எந்தப் பெட்டிக்கு வகை தெரியுமோ அதுக்கு மட்டும் ஒரு குறிப்பு எழுதுங்க, மத்ததைச் சும்மா விடுங்க. அந்த அரைகுறைப் படத்தையே அவங்களோட எப்சிலான் நிரல்கள் நேரா படிக்கும். மெட்டாமாடலே இல்லாம நிரல் உருவாக்கி, ஓட்டிப் பார்த்து, 'அடடா, வண்டிக்குத் தனி வகை வேணும்'னு அப்புறமா கண்டுபிடிக்கலாம். அதே குழு பின்னாடி, வகை எழுதாத பெட்டி என்னவா இருக்கும்னு கருவியே ஊகிக்க முடியுமான்னும் பார்த்தாங்க. ஒரு பெட்டிக்கு எத்தனை பண்புகள், உள்ள எத்தனை கோடு வருது, வெளிய எத்தனை போகுதுன்னு கணக்குப் போட்டு, வகை தெரிஞ்ச பெட்டிகளோட ஒப்பிட்டுச் சொல்றது. 2016ல ஃப்ளெக்ஸ்மின்னு இன்னொண்ணு: மாடலை வரிவரியா எழுத்துல எழுதலாம், குறிச்சொல் இலக்கணத்துல இருக்கற மாதிரியே அச்சா இருக்கணும்னு இல்ல, கிட்டத்தட்ட இருந்தா அதுவே பொருத்தி எடுத்துக்கும்.

சூரிச் பல்கலைக்கழகத்தோட ஃப்ளெக்ஸி-ஸ்கெட்ச்ல டேப்லெட்ல விரலால கிறுக்கலாம். ஒரு கிறுக்கலுக்கு 'இது வேன்'னு பேர் வெச்சா அடுத்த தடவை அதே மாதிரி கிறுக்கினதை அடையாளம் கண்டுக்கும். மாட்ரிட்ல ஹுவான் தெ லாரா, எஸ்தர் கெர்ரா கூட்டம் கீழேர்ந்து மேல போறாங்க. நிபுணர் உதாரணம் உதாரணமா வரைஞ்சுக்கிட்டே போவார், அதுலேர்ந்து இலக்கணம் துளித்துளியா உருவாகும். 2015ல அவங்களே 'பின்னாடி வகைப்படுத்தறது'ன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. பிறக்கும்போது ஒரு பொருளுக்கு என்ன வகையோ அதோட அது கட்டுப்பட வேண்டியதில்ல, பின்னாடி வேற வகைகளும் ஏத்துக்கலாம். அண்ணையோட வேன் வியாழக்கிழமை பேப்பர்காரன், வெள்ளிக்கிழமை மேகசின்காரன். அவர் கேட்டது அதைத்தானே!

சரி, அப்போ சட்டமே வேண்டாமா? இதைத்தான் என் பக்கத்து சீட்டு ஜெர்மன்காரன் நக்கலா கேட்டான். ஆள் முன்னாடி கார் பிரேக் மென்பொருள்ல வேலை பார்த்தவன். "பிரேக்கைப் பிறகு பாப்போம்னு விட முடியுமா?" முடியாது. எனக்கும் அவனுக்கும் இதுல ரெண்டு நாள் சண்டை. கடைசியில ஒத்துக்கிட்ட இடம் இது: பிரேக் போர்டுலேர்ந்து வண்டிக்குப் போற அன்னைக்கு ஒரு காலி இடமும் இருக்கக்கூடாது. ஆனா அந்த பிரேக்கை முதல் நாள் வரையறப்போ, அங்கேயும் மூலையில ஒரு கேள்விக்குறி இருந்திருக்கும். அதை எங்க வரைஞ்சீங்கன்னு கேட்டேன். பவர்பாயின்ட்லன்னான். பிடிபட்டான் :-)

நிரல் உலகம் இந்தச் சண்டையை ஓரளவு முடிச்சிடுச்சு. ஜெரமி சீக்கும் வாலித் தாஹாவும் 2006ல 'படிப்படியான வகைப்படுத்தல்'னு எழுதினாங்க. 2012ல டைப்ஸ்கிரிப்ட் வந்துச்சு, 2015ல பைத்தான் 3.5ல வகைக் குறிப்புகள் வந்துச்சு. தெரிஞ்ச இடத்துல வகை எழுது, தெரியாத இடத்துல விடு, ரெண்டும் ஒரே ஃபைல்ல ஓடட்டும். மாடல் கருவிகள்லதான் இன்னும் பெரும்பாலும் 'எல்லாம் அல்லது ஒண்ணுமில்ல'. எப்சிலானோட சரிபார்ப்பு மொழியில ஒரு நல்ல விஷயம் இருக்கு: ஒரு விதி மீறினா அது பிழையா, இல்ல வெறும் குறை சொல்றதான்னு விதி எழுதறவங்களே தேர்ந்தெடுக்கலாம். நான் கண்ணை மூடிக்கிட்டு எல்லாத்தையும் பிழைன்னே எழுதியிருந்தேன். கருவியைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி இதையும் ஒத்துக்கணும். சட்டம் போட்டவன் நான்.

'இதெல்லாம் எதுக்கு, இப்பதான் ஏ.ஐ. இருக்கே, அட்டையை போட்டோ எடுத்துக் குடு'ன்னு சொல்வீங்க. குடுத்தேன். அசந்து போயிட்டேன், முப்பது செகண்டுல சுத்தமா, என் மெட்டாமாடலுக்கு அச்சாப் பொருந்தற மாடல். வேனைக்கூடச் சரியாப் புரிஞ்சுக்கிச்சு. அப்புறம் உத்துப் பார்த்தா, எங்கேயும் போகாத அந்த அம்புக்குறி ஒரு பெட்டிக்குப் போயிருந்துச்சு. 'வாடிக்கையாளர் சேவையைத் தொடர்புகொள்', ஆள்: கடை மேலாளர். கேள்விக்குறியைக் காணோம். நான் எட்டு நாள் பதட்டத்துல சொன்ன பொய்யை அது பதட்டமே இல்லாம, என்னைவிட நல்ல இங்கிலீஷ்ல சொல்லியிருந்துச்சு. 'தெரியாத இடத்தைத் தெரியாதுன்னே வை'ன்னு சொன்னா வைக்குது, அது வேற விஷயம். ஆனா கேள்விக்குறியை வெச்சுக்க என் மெட்டாமாடல்ல இடம் இருந்தாத்தானே அதுவும் வைக்கும்?

அதனால இப்ப கருவியைத் திரும்பக் கட்டறேன். அழகான ஐகான் எல்லாம் போச்சு (அட்டைப்பெட்டிப் படத்தை மட்டும் டெஸ்க்டாப்ல வெச்சிருக்கேன்). வெறும் பலகை. பெட்டிக்கு வகை இல்லாம இருக்கலாம், ரெண்டு வகையும் இருக்கலாம், அம்புக்குறி அந்தரத்துல நிக்கலாம். சரிபார்ப்பு சிவப்பு காட்டாது. 'கேக்க வேண்டியவை'ன்னு ஒரு பட்டியல் குடுக்கும், யாரைக் கேக்கணும்னு ஒரு இடத்தோட. நிரல் உருவாக்கறப்போ மட்டும் கறார். காலி முனை இருக்கிற பாதைக்கு நிரல் வராது. அந்த இடத்துல ஆப் 'இது இன்னும் முடிவாகல, இதுவரை செஞ்ச மாதிரியே செய்யுங்க'ன்னு சொல்லும். அந்த ஒரு வரி இருந்திருந்தா அக்கா நோட்டை மூடி வெச்சிருக்க மாட்டாங்க. கஷ்டமும் இருக்கு. பாதி வகை தெரிஞ்ச மாடல்ல விதிகளை எப்படி ஓட்டறதுன்னு ஒவ்வொரு விதியா உட்கார்ந்து யோசிக்கணும். முன்னாடி ரெண்டு வரியில முடிஞ்சது இப்ப பன்னெண்டு வரி. இதுக்கும் மேல, பட்டியல் நீண்டுக்கிட்டே போனா யாரும் அதைத் திறந்தே பார்க்க மாட்டாங்கன்னு ஒரு பயம். சிவப்புக் குறிக்கு இருந்த மரியாதை இதுக்கு இருக்குமான்னு தெரியல.

ரிவ்யூவுல காட்டின ஸ்லைடைப் பத்திக் கைடுகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "தீசிஸ்ல இதை எழுது, பழைய படத்தையும் எடுக்காம போடு"ன்னார். எழுதிக்கிட்டிருக்கேன். இந்தப் பதிவை விட அது எழுதக் கஷ்டமா இருக்கு.

போன சனிக்கிழமை அக்காவோட உட்கார்ந்தேன், அவங்க சமையலறையிலயே. நீல நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவங்களே வரைஞ்சாங்க. அண்ணையோட அம்புக்குறியை இழுத்துத் தன் வட்டத்துல சேர்த்தாங்க. அதுலேர்ந்து இன்னும் ரெண்டு அம்புக்குறி கிளம்புச்சு. ஒண்ணு மொத்த வியாபாரிக்கு. இன்னொண்ணைப் பாதியில நிறுத்திட்டு டீ போட எழுந்துட்டாங்க.

"அது எங்க அக்கா போகுது?"

"கிறிஸ்மஸுக்கு வான் வராத ரெண்டு நாளையான் கட்டு எங்க போகுதெண்டு எனக்கும் தெரியாது தம்பி. சும்மா விடும்."

விட்டுட்டேன். பலகை ஒண்ணும் சொல்லல.

டிஸ்கி: இங்க படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டற மக்கள்னு தெரியும். உங்க ஆபீஸ்ல மாடல்லேர்ந்து நிரல் வர்ற கருவி ஏதாவது ஓடுதா? அதுல 'பிறகு பாப்போம்'னு விட இடம் இருக்கா, இல்ல நீங்களும் என்னை மாதிரி ஏதோ ஒரு பேரைப் போட்டுப் பச்சை டிக் வாங்கறீங்களா? பின்னூட்டத்துல சொல்லுங்க. பேர் போட வேண்டாம், அனானியாவே வாங்க :-)